காட்டுக்கு நெருப்பு வைப்பவர்களின் கதை

2000-ம் வருடம் மே 4-ம் தேதி, வியாழக்கிழமை சாயங்காலம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் செர்ரோ கிராண்டே என்று ஒரு மலை. பத்தாயிரம் அடி உயரம். சூரியன் இறங்கும் நேரத்துக்கு சுமார் இருபது பேர் அந்த மலை உச்சியில் ஏறி நின்று புல்லுக்கு நெருப்பு வைத்தார்கள். விஷமிகள் இல்லை, அரசாங்க ஊழியர்கள். கையில் மேலதிகாரி கையெழுத்துப் போட்ட திட்டம் இருந்தது. சுமார் 900 ஏக்கரை மெதுவாக, அடக்க ஒடுக்கமாக எரித்துவிட்டு வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

மறுநாள் மதியமே அது கைமீறிய காட்டுத்தீ என்று அறிவிக்கப்பட்டது. 10-ம் தேதி பலமான காற்றோடு சேர்ந்து பக்கத்திலிருந்த லாஸ் அலமோஸ் நகரத்துக்குள் நுழைந்தது. ஆமாம், முதல் அணுகுண்டைத் தயாரித்த அதே லாஸ் அலமோஸ்தான். 18,000 பேர் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். சுமார் 400 குடும்பங்கள் வீடிழந்தன. அணு ஆராய்ச்சிக்கூடத்தின் நிலத்திலும் தீ புகுந்தது. கடைசியில் எரிந்தது ஏறக்குறைய 48,000 ஏக்கர். நஷ்டம் சுமார் 100 கோடி டாலர். உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இதைப் படித்தால் யாருக்கும் தோன்றும் முதல் கேள்வி: இவர்களுக்கு என்ன பைத்தியமா? கோடைக்கு முன்னால் காய்ந்து கிடக்கும் காட்டில் எவனாவது வேண்டுமென்றே நெருப்பு வைப்பானா?

பதில் கொஞ்சம் நீளமானது. அந்தக் காட்டில் நூறு வருடமாக நெருப்பு வைக்காமல் விட்டதுதான் பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவுக்கு ஒரு நூற்றாண்டு ஆனது. அந்தக் கதைதான் இது.

*

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே அமெரிக்கப் பழங்குடிகள் காட்டை எரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மான் மேய இளம்புல் முளைக்க, கூடை பின்னக் குச்சி கிடைக்க, நடக்க வழி தெரிய, பெரிய தீ வராமல் இருக்க என்று ஆளுக்கொரு காரணம். மின்னலும் தன் பங்குக்கு எரித்தது. மரத்தை அறுத்துப் பார்த்தால் வருட வளையங்களில் தீத்தழும்புகள் தெரியும். அதை எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், தென்மேற்கு அமெரிக்காவின் பாண்டரோசா பைன் காடுகளில் பல இடங்களில் ஐந்து முதல் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை சின்னச் சின்னத் தீ ஓடியிருக்கிறது என்று கண்டார்கள். இந்தத் தீ சருகையும் புல்லையும் கன்றுகளையும் தின்றுவிட்டுப் போய்விடும். தடித்த பட்டை கொண்ட பெரிய மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

முதல் தடை வந்தது ஸ்பானியர் காலத்தில். 1793-ல் கலிபோர்னியாவின் ஸ்பானிய ஆளுநர் அரில்லாகா, பழங்குடிகள் புல்வெளிகளை எரிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். பிறகு நியூ மெக்சிகோ பக்கம் 1880-களில் ரயில் வந்தது. ரயிலோடு லட்சக்கணக்கில் ஆடும் மாடும் வந்தன. புல்லை மேய்ந்து தீர்த்துவிட்டதால் தீ ஓட வழியில்லாமல் போனது. யாரும் அணைக்காமலே தீ நின்றுவிட்டது, பாருங்கள்.

இதற்கு நடுவில் நம் ஊர் சம்பந்தமும் ஒன்று இருக்கிறது. அமெரிக்க வன சேவையின் முதல் தலைவர் கிஃபர்ட் பிஞ்சோ. அவர் 1889-ல் வனவியல் படிக்க ஐரோப்பா போனபோது குருவாக ஏற்றுக்கொண்டது டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரை. பிராண்டிஸ் யார்? 1864-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் வனத்துறைக்கு முதல் தலைவராக வந்தவர். காட்டை அளந்து, எல்லை போட்டு, தீயிலிருந்து காப்பதை அரசாங்க வேலையாக்கியவர்கள் அவரும் அவரது ஆட்களும்தான். வேடிக்கை என்னவென்றால், பர்மாவில் தீயே படாமல் காத்த தேக்குக் காடுகளில் மூங்கிலும் புதரும் அடர்ந்து தேக்குக் கன்று முளைக்காமல் போனது. 1890-களிலேயே அங்கிருந்த வன அதிகாரிகள், தீத்தடுப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று தங்கள் துறைப் பத்திரிகையில் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். வங்காளம், அசாம் சால் காடுகளிலும் இதே கதை. இந்தப் பாடம் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்ச் சேரவில்லை. போனது முதல் பாதி மட்டும்தான்.

அதற்கும் காரணம் உண்டு. 1905-ல் தொடங்கிய அமெரிக்க வன சேவைக்கு ஐந்து வயதாகும்போது பெரிய அடி விழுந்தது. 1910 ஆகஸ்ட் 20, 21. இரண்டே நாளில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் தீயணைக்கக் கூலிக்குப் போனவர்கள். எட் புலாஸ்கி என்ற ரேஞ்சர் நாற்பது சொச்சம் பேரை ஒரு பழைய சுரங்கத்துக்குள் தள்ளி, வெளியே ஓடுகிறவனைச் சுடுவேன் என்று துப்பாக்கியோடு வாசலில் நின்றார். சிலர் இறந்தாலும் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் மண்வெட்டி மாதிரி இருக்கும் கருவிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அந்தத் தீயைச் சமாளித்த இளம் அதிகாரிகளில் ஒருவர் ஃபெர்டினாண்ட் சில்காக்ஸ். 1933-ல் அவரே வன சேவையின் தலைவர் ஆனார். 1935-ல் அவர் போட்ட உத்தரவு சரித்திரத்தில் 'பத்து மணிக் கொள்கை' என்று பெயர் பெற்றது. எந்தத் தீயாக இருந்தாலும் கண்ணில் பட்ட மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுக்குள் வர வேண்டும். முடியவில்லையா, அதற்கடுத்த நாள் காலை பத்து மணி. சின்னது பெரியது, நல்லது கெட்டது என்ற பேதமே கிடையாது. நெருப்பில் தோழர்களைப் பறிகொடுத்த மனிதர் போட்ட உத்தரவு என்று நினைத்துப் பார்த்தால் அதைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

ஆனால் எதிர்க்குரல்களை நடத்திய விதம்தான் சகிக்கவில்லை. கலிபோர்னியாவில் சில பண்ணையாளர்களும் மரக் கம்பெனிக்காரர்களும் அவ்வப்போது லேசாக எரித்தால் நல்லது என்றபோது, வன சேவைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பையூட் வனவியல்'. பையூட் என்பது ஒரு பழங்குடியின் பெயர். அதாவது காட்டுமிராண்டி வித்தை என்று கிண்டல். 1918-ல் குளமாத் ஆற்றுப் பகுதியின் வன அதிகாரி ஒருவர், காட்டுக்கு நெருப்பு வைக்கும் பழங்குடிகளைச் சுட்டுத் தீர்ப்பதுதான் நிச்சயமான வழி என்ற ரீதியில் மேலதிகாரிக்குக் கடிதமே எழுதினார்.

*

கதை திரும்பியது தெற்கே. ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமா பக்கம்.

அங்கே லாங்லீஃப் பைன் என்று ஒரு மரம். ஒருகாலத்தில் வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வரை சுமார் 9 கோடி ஏக்கரில் நின்றது. இதன் பிறவியே நெருப்போடு சேர்ந்தது. கன்றாக இருக்கும்போது சில வருடங்களுக்கு உயரமே வளராது. தரையோடு ஒரு புல் குத்து மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் பூமிக்குள் வேரை இறக்கிக்கொண்டே இருக்கும். தீ வந்தால் நீளமான ஊசி இலைகள் கருகும், நடுவிலுள்ள மொட்டு தப்பிக்கும். பிறகு திடீரென்று ஒரே தாவாக உயரும். இலையில் வரும் பழுப்புப் புள்ளி நோயைக்கூட நெருப்புதான் துடைத்துவிடும். நெருப்பு இல்லாவிட்டால் ஓக் மரங்களும் புதர்களும் மேலே கவிந்து இந்தக் கன்றுகளைச் சாகடித்துவிடும்.

தெற்கத்தி விவசாயிகளுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. ஆனால் வருடா வருடம் குளிர்காலத்தில் எரித்தால் மாட்டுக்குப் புல் வரும், உண்ணி குறையும் என்று தெரியும். அதை நிறுத்த 1920-களின் கடைசியில் பெரிய பிரசாரம் நடந்தது. லாரியில் ஜெனரேட்டரும் சினிமா புரொஜக்டரும் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், நெருப்பு பாவம் என்று படம் காட்டினார்கள். அப்படியும் திருந்தவில்லையே என்று வன சேவை ஒரு மனோதத்துவ நிபுணரையே அனுப்பி ஆராய்ச்சி செய்யச் சொன்னது! ஜான் ஷே என்பவர். 1940-ல் வந்த அவரது கட்டுரை, அப்பன் பாட்டன் செய்த பழக்கம், பொழுதுபோகாத வெறுப்பு என்ற வகையில் விளக்கம் சொன்னது. ஒருவேளை அந்த ஜனங்கள் சொல்வதில் விஷயம் இருக்குமோ என்று மட்டும் யோசிக்கவில்லை.

யோசித்தவர் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். ஜார்ஜியா, ஃபுளோரிடா எல்லையில் பணக்காரர்கள் காடை வேட்டைக்காக எஸ்டேட் வைத்திருந்தார்கள். காடைகள் குறைந்துகொண்டே வந்தன. என்னவென்று பார்க்க 1924-ல் ஸ்டாடர்டை நியமித்தார்கள். அவர் கண்டுபிடித்தது: எரிப்பதை நிறுத்தியதால் தரை மூடிவிட்டது, காடை மேயவும் நடக்கவும் இடம் இல்லை. 1931-ல் வந்த அவரது புத்தகத்தில் நெருப்பைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அது அச்சேறுவதற்குள் அரசாங்கத் தரப்பின் அழுத்தத்தால் பலமுறை திருத்தி எழுதப்பட்டுப் பல் பிடுங்கப்பட்டது. அதே சமயத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் எச்.எச். சாப்மன், லாங்லீஃப் பைனுக்கு நெருப்பு வேண்டும் என்று தன் பங்குக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

உண்மையில் வாதத்தை ஜெயித்தது சருகுதான். வருடக்கணக்காக எரியாமல் குவிந்த சருகும் புதரும் வறட்சி வந்தபோது பெருந்தீயாகப் பிடித்தன. 1943-ல் வன சேவை ஃபுளோரிடாவின் தேசியக் காட்டில் திட்டமிட்டு எரிக்க அனுமதி கொடுத்தது. ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'பரிந்துரைக்கப்பட்ட எரிப்பு'. டாக்டர் மருந்துச் சீட்டு எழுதித் தருவது மாதிரி. எந்தக் காட்டுக்கு, எந்த நாளில், எவ்வளவு நெருப்பு என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு எரிப்பது.

*

அந்தச் சீட்டில் என்னதான் இருக்கும்? இங்கேதான் விஷயம் ருசிகரமாகிறது.

முதலில் நோக்கம். எதற்காக எரிக்கிறோம், எரித்த பிறகு காடு எப்படி இருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். பிறகு எல்லை. ரோடு, ஓடை, உழுது போட்ட மண்கோடு எதையாவது எல்லையாக வைத்துக்கொண்டு அதற்கு உள்ளே மட்டும் எரிய வேண்டும்.

அடுத்தது வானிலை. தெற்குப் பைன் காடுகளில் குளிர்கால எரிப்புக்கு வழிகாட்டிகள் சொல்லும் கணக்கு இது: வெப்பநிலை சுமார் 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் நல்லது. காற்றில் ஈரப்பதம் 30 முதல் 55 சதவீதம். சருகில் ஈரம் 10 முதல் 20 சதவீதம். மரங்களுக்கு இடையே காற்று மணிக்கு 2 முதல் 5 கிலோமீட்டர். காற்றே இல்லாத நாள்தான் பாதுகாப்பு என்று நமக்குத் தோன்றும். தப்பு. காற்று இல்லையென்றால் தீ எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. வெப்பமும் நேராக மேலே போய் இலைகளைப் பொசுக்கிவிடும். மிதமாக, ஒரே திசையில், நிலையாக வீசும் காற்றுதான் வேண்டும். குளிர்காலத்தில் மழையோடு குளிர்முகம் ஒன்று கடந்துபோன அடுத்த ஓரிரு நாட்களில் அப்படிக் காற்று கிடைக்கும். அதற்காகக் காத்திருப்பார்கள். புகை மேலே எழும்பிக் கலைய இடம் இருக்கிறதா என்பதும் கணக்கில் உண்டு. புகை தரையோடு படிந்து ராத்திரி பனியோடு கலந்தால் நெடுஞ்சாலையில் கண்ணே தெரியாது. நெருப்பே தொடாத ஆட்களை அந்தப் புகை கொன்றுவிடும்.

நாள் குறித்தாயிற்று. காலையில் வானிலை அலுவலகத்தில் அந்த இடத்துக்கென்றே முன்னறிவிப்பு வாங்குவார்கள். அக்கம்பக்கத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் தகவல் போகும். ஆட்கள் எத்தனை, தண்ணீர் வண்டி எங்கே, தப்பி ஓட வழி எது, தீ கைமீறினால் கூடுதல் ஆட்கள் எங்கிருந்து எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்று ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் எழுத வேண்டும். ஒரே ஓர் 'இல்லை' விழுந்தாலும் அன்றைக்கு எரிப்பு ரத்து. எல்லாம் சரியென்றால் ஒரு மூலையில் சின்னதாகச் சோதனைத் தீ. அது எதிர்பார்த்தபடி நடந்துகொண்டால்தான் மேற்கொண்டு.

பற்றவைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. காற்று போய் முடிகிற எல்லைக்கோட்டின் ஓரத்தில்தான் முதலில் பற்றவைப்பார்கள். அந்தத் தீ காற்றுக்கு எதிராக, முணுமுணுத்துக்கொண்டே பின்னோக்கி நகரும். மணிக்கு 66 அடியிலிருந்து 200 அடிதான் போகும். மனிதன் நடக்கும் வேகத்தில் நூறில் ஒரு பங்கு. அப்படி எரிந்து கருகிய பட்டைதான் உண்மையான அரண். எரிந்ததை மறுபடி எரிக்க முடியாதே! கரும்பட்டை போதுமான அகலமான பிறகே, தேவைப்பட்டால் காற்றின் போக்கில் ஓடும் வேகமான தீயை மறுபக்கம் வைப்பார்கள். கையில் பிடித்துக்கொண்டு போகும் தீச்சாடியில் டீசல் அதிகமும் பெட்ரோல் கொஞ்சமும் கலந்து, சொட்டுச் சொட்டாக நெருப்பு விழும். ஒரு கூட்டம் பற்றவைத்துக்கொண்டே போக, இன்னொரு கூட்டம் முதுகைத் தீக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். அவர்கள் வேலை எரியாத பக்கத்தைப் பார்ப்பது. பறந்துபோகும் பொறி அங்கேதானே விழும்.

எரிந்து முடிந்தால் வேலை முடிந்ததா என்றால் இல்லை. எல்லையோரம் புகையும் கட்டைகளைப் புரட்டி, தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்து அணைக்க வேண்டும். சில சமயம் நாட்கணக்கில், வாரக்கணக்கில் போய்ப் பார்த்துவர வேண்டும். நம் ஊரில் கரும்புத் தோகையைக் கொளுத்துகிற பெரியவர்கள் காற்று பார்த்து, வரப்பைச் சுத்தம் செய்து, பக்கத்து வயல்காரனிடம் சொல்லிவிட்டுக் கொளுத்துவார்களே, அதன் அரசாங்கப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

*

மேற்கே இந்த வித்தையைக் கொண்டுபோனவர் ஹெரால்ட் பிஸ்வெல். ஜார்ஜியாவில் எரிப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு 1947-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். சக வனவியலாளர்களே அவரைக் 'கொள்ளி ஹாரி' என்கிற மாதிரி கேலி செய்தார்கள். அவர் அசரவில்லை. மாணவர்களையும் பொதுமக்களையும் கூட்டிவந்து காட்டில் எரித்தே காட்டினார். 1960-களில் செக்கோயா மரங்களைப் பற்றிய ஆராய்ச்சி அவருக்குத் துணை வந்தது. உலகத்திலேயே பெரிய அந்த மரங்களின் விதை முளைக்க வெற்று மண்ணும் வெளிச்சமும் வேண்டும், இரண்டையும் கொடுப்பது நெருப்பு. அரை நூற்றாண்டாகத் தீயிலிருந்து பொத்திப் பொத்திக் காத்த தோப்புகளில் கன்றே இல்லை! 1968-ல் தேசியப் பூங்காத் துறை கொள்கையை மாற்றியது. 1978-ல் வன சேவை பத்து மணிக் கொள்கையைக் கைவிட்டது.

கொள்கை மாறினாலும் காட்டில் குவிந்தது குவிந்ததுதான். முன்பு பெரிய மரங்களும் இடையில் புல்லுமாக இருந்த மலைகளில், பென்சில் மாதிரி மெல்லிய மரங்கள் நெருக்கியடித்து நின்றன. தரையில் பிடித்த தீ அந்தக் குட்டை மரங்களை ஏணியாக வைத்துப் பெரிய மரத்தின் தலைக்கு ஏறிவிடும். செர்ரோ கிராண்டேவில் தீ வைக்கப் போனவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 1996-ல் பக்கத்திலேயே யாரோ அணைக்காமல் விட்ட முகாம் நெருப்பு 16,000 ஏக்கருக்கு மேல் எரித்திருந்தது. அடுத்தது லாஸ் அலமோஸ் என்று எல்லோரும் பயந்துகொண்டுதான் இருந்தார்கள். ஊரைக் காப்பாற்றத்தான் எரித்தார்கள்.

பிறகு எங்கே தப்பு? விசாரணை அறிக்கையைப் பார்த்தால் சினிமா மாதிரி ஒரு வில்லனும் இல்லை. எரிப்பு எவ்வளவு சிக்கலானது என்று மதிப்பெண் போடும் படிவம் ஒன்று உண்டு. அதைத் தவறாகப் பயன்படுத்தியதால், கஷ்டமான எரிப்பு 'குறைவு முதல் மிதம் வரை' என்று பதிவானது. அதனால் குறைந்த ஆட்கள், குறைந்த முன்னேற்பாடு. நடு இரவில் ஆட்கள் களைத்துப்போய்க் கூடுதல் உதவி கேட்டபோது அது வந்து சேரத் தாமதமானது. அடுத்த மூன்று, நான்கு நாள் காற்று எப்படி இருக்கும் என்பதைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. கோடு தாண்டிய தீயை மடக்க வைத்த எதிர்த்தீயே பிறகு காற்றில் பரவியது. ஒரு படிவத்தில் போட்ட தப்பான எண் ஒரு நகரத்தின் வாசல்வரை நடந்து வந்தது!

அரசாங்கம் தப்பை ஒப்புக்கொண்டது. அந்த வருடமே தனிச்சட்டம் போட்டு நஷ்ட ஈடு கொடுத்தார்கள். திட்டங்களை வெளியாள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்பது போன்ற விதிகள் வந்தன.

இருபத்திரண்டு வருடம் கழித்து அதே மாநிலத்தில் மறுபடியும் நடந்தது. 2022 ஏப்ரல் 6, சாண்டா ஃபே தேசியக் காடு. திட்டமிட்ட எரிப்பு ஒன்று காற்றில் கைமீறியது. அதற்குப் பக்கத்தில் ஜனவரியில் எரித்த சுள்ளிக் குவியல் ஒன்று, மூன்று முறை பனி பெய்தும் சாகாமல் மண்ணுக்கடியில் கனன்றுகொண்டே இருந்து ஏப்ரலில் எழும்பியது. இரண்டும் ஒன்று சேர்ந்து 3,41,000 ஏக்கருக்கு மேல் எரித்தன. நியூ மெக்சிகோ வரலாற்றிலேயே பெரிய தீ. தலைமுறை தலைமுறையாக அந்த மலைக்கிராமங்களில் வாழ்ந்த ஸ்பானிய வம்சாவளிக் குடும்பங்களின் வீடும் காடும் வாய்க்காலும் போயின. காடு எவ்வளவு காய்ந்திருந்தது என்பதைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்றும், எரிக்கத் தோதான நாட்கள் குறைந்துபோனதால் கிடைத்த நாளில் வேலையை முடித்தாக வேண்டும் என்ற அழுத்தம் இருந்தது என்றும் வன சேவையின் ஆய்வே சொன்னது. நாடு முழுவதும் 90 நாட்களுக்கு எரிப்பை நிறுத்தி வைத்தார்கள். நஷ்ட ஈட்டுக்கு முதல் தவணையாகவே 250 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது.

அதே வன சேவை கொடுத்த இன்னொரு புள்ளிவிவரம்: வருடத்துக்கு சராசரியாக 4,500 எரிப்புகள். அதில் 99.84 சதவீதம் திட்டப்படி முடிகின்றன. அதாவது வருடத்துக்கு ஏழு கைமீறுகின்றன. கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இதிலுள்ள கோளாறு சட்டென்று தெரியும். கைமீறிய ஏழுக்கும் பற்று எழுத ஆள் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, ரசீது இருக்கிறது. ஒழுங்காக முடிந்த 4,493-ன் வரவை எழுத எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை. வராமல் போன தீக்கு யார் பில் போடுவார்கள்? எரிக்காமல் சும்மா இருக்கும் அதிகாரி மீது ஒரு வழக்கும் வராது. அவர் காலத்தில் குவிந்த சருகு அடுத்தவர் காலத்தில் எரியும். 2022 அக்டோபரில் ஓரிகன் மாநிலத்தில், எரிப்பு ஒன்று எல்லை தாண்டித் தனியார் நிலத்தில் சுமார் 20 ஏக்கர் எரித்ததற்காக, பொறுப்பிலிருந்த வன சேவை ஊழியரை உள்ளூர் ஷெரிஃப் அந்த இடத்திலேயே கைது செய்தார். இதைப் பார்த்த பிறகு எத்தனை பேர் திட்டத்தில் கையெழுத்துப் போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீடிழந்த குடும்பத்திடம் போய் 99.84 என்று சொல்லவும் முடியாது என்பது இன்னொரு பக்கம்.

ஃபுளோரிடா இந்த முடிச்சை வேறு மாதிரி அவிழ்த்தது. 1990-ல் ஒரு சட்டம். எரிப்பது நில உரிமையாளரின் உரிமை. ஆனால் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர் இருக்க வேண்டும், எழுத்தில் திட்டம் இருக்க வேண்டும், அன்றன்றைக்கு அனுமதி வாங்க வேண்டும். இவ்வளவும் செய்திருந்தால், அலட்சியம் நிரூபணமாகாத வரை அவர் மேல் பொறுப்பு விழாது. 1998-ல் அங்கே சுமார் 5 லட்சம் ஏக்கர் காட்டுத்தீயில் எரிந்தது. வேறு மாநிலமாக இருந்தால் சட்டத்தை இறுக்கியிருப்பார்கள். ஃபுளோரிடாக்காரர்கள் 1999-ல் இன்னும் தளர்த்தினார்கள், படுமோசமான அலட்சியம் இருந்தால்தான் குற்றம் என்று. வருடத்துக்கு 20 லட்சம் ஏக்கர் வாக்கில் அங்கே எரிக்க அனுமதி தரப்படுகிறது.

கலிபோர்னியா தாமதமாக அந்த வழிக்கு வந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், திட்டமிட்டு எரிப்பவர்களிடம் தீயணைப்புச் செலவை வசூலிக்க வேண்டுமானால் படுமோசமான அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும் என்றது. பழங்குடி முறையில் எரிப்பவர்களுக்கும் அதே பாதுகாப்பு. இதற்கு இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டமாக இருந்ததால் மாநிலமே 2 கோடி டாலரில் ஒரு நஷ்ட ஈட்டு நிதி வைத்தது.

2024-ல் இன்னொரு சட்டமும் வந்தது. அங்கீகாரம் பெற்ற பழங்குடிகள் மாநிலத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அனுமதிச்சீட்டுக்கு அலையாமல் தங்கள் முறைப்படி எரிக்கலாம். முதல் ஒப்பந்தம் 2025 பிப்ரவரியில் குளமாத் ஆற்றங்கரையின் கருக் மக்களோடு கையெழுத்தானது. 1918-ல் சுட்டுத் தீர்க்க வேண்டும் என்று கடிதம் போனதே, அதே ஆற்றங்கரை. அங்கே ஹேசல் புதர்களை எரித்துவிட்டு அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ போனால், தூரிலிருந்து கிளையே இல்லாமல் நேராக மெல்லிய குச்சிகள் எழும்பியிருக்கும். கூடை பின்னுகிற பெண்கள் அதைத்தான் தேடிப் போவார்கள். எரியாத புதரின் குச்சி வளைந்து, கணு விழுந்து, பின்னும்போது ஒடிந்துவிடுமாம்.